பலகை மீது ஒரு யார்டு

சென்ற கோடையில் நமக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பாட்டி வீட்டுக்குப் புறப்படக் காத்திருந்த மகன் மூன்று நாள் நம்முடன் பேசவில்லை. ஈடாக, பொம்மை ரயிலுக்கு ஒரு யார்டு அமைத்துத் தருவதாக வாக்களித்தோம். குவார்ட்டர்ஸில் இடம் ஏது? ஆறடிப் பலகை ஒன்றே கிடைத்தது.

அன்றாடம் யார்டைக் கண்ணால் காண்பவராயிற்றே என்னும் செருக்கில் ஆறு சைடிங்குகள் வரைந்து தண்டவாளம் பதித்தோம். பார்வைக்கு வெகு நேர்த்தி. ஆனால் ஷண்டிங் நெக்கிற்கு மிஞ்சிய இடத்தில் இஞ்சினோடு ஒரே வேகன்தான் நின்றது. ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளிச் சலித்துப்போன மகன், "அப்பா, உங்கள் ஆபீஸிலும் இப்படித்தானா?" என்றான். அனைத்தையும் பெயர்த்தெடுத்தோம்.

ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த ஓர் அமைப்பு உண்டு. சைடிங்குகள் மூன்றே. ஒன்றில் ஐந்து வேகன்கள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. நெக்கில் இஞ்சினும் மூன்று வேகன்களும் கொள்ளும். பாயிண்டுகள் இரண்டு போதும். பதினொரு வேகன்களுக்கு இடமிருந்தும் எட்டே வைக்கவேண்டும். அந்தக் காலியிடமே யார்டின் உயிர். எட்டில் ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, வந்த வரிசைப்படி கோத்து நிறுத்துவதே ஆட்டம். 6,720 வரிசைகள் வரக்கூடும்!

அளவு காண்பது எளிது. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்என் வேகன் சுமார் 10.7 மீட்டர் நீளம். 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 12.3 செ.மீ. ஆகவே ஐந்து வேகன் சைடிங்கிற்கு 62 செ.மீ., நெக்கிற்கு இஞ்சினுக்கு 20 சேர்த்து 57 செ.மீ. பாயிண்டுகளையும் கூட்டினாலும் ஆறடிக்குள் அடங்கிவிடுகிறது. கடையில் விற்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் மேனாட்டு 1,435 மி.மீ. பாதைக்கு உரியது, நமது 1,676 மி.மீ. அகலப்பாதைக்கு 19 மி.மீட்டருக்குச் சற்று மேல் வேண்டும். மகன் ஸ்கேல் வைத்து அளந்து இதைக் கண்டுபிடித்தான். மன்னிக்கச் சொன்னோம்.

ஒன்றில் மட்டும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. இரு பாதைகள் நெருங்கும் இடத்தில் வெள்ளைக் கோடிட்டு, அதற்கு அப்பால் எந்த வேகனும் நிற்கலாகாது என்றோம். பொம்மையில் கோடு தாண்டினால் வர்ணம் உராயும். யார்டில் ஆள் போவான்.

1980-களுக்குப்பின் சரக்கு முழு ரேக்குகளாகவே செல்வதால், வேகன்களைப் பிரித்துக் கோக்கும் வேலை வெகுவாக அருகிவிட்டது. நாமே பெரியவர்கள் சொல்லக் கேட்டவைதாம் அதிகம்.

சீட்டுப் போட மகன் சம்மதிக்கவில்லை. ஐந்து வேகன்களில் பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, கூடூர், சென்னை என்று எழுதி ஒட்டியிருக்கிறான். அந்த வரிசையில்தான் கோக்கவேண்டுமாம். சென்னை வேகன் எப்போதும் மூன்றாம் சைடிங்கின் கோடியில் சிக்கிக்கொள்கிறது. சென்ற ஞாயிறன்று இருபத்திரண்டு அசைவுகளில் அதை வெளியே எடுத்தோம். இன்னும் குறைக்கலாம் என்கிறான்.