புதன்கிழமைக்கு ஆள் யார்?

செம்பரம்பாக்கத்தின் பெயர் பேப்பரில் வரவேண்டுமென்றால் ஏரி 22 அடியைத் தாண்ட வேண்டும். முழு உயரமான 24 அடியை நெருங்கினால் டிவிக்காரர்கள் கரைக்கே வந்துவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு அது ஏரி இல்லை, எச்சரிக்கை. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வரும் பையன்களுக்கு வறுத்த மீன்.

பெரியம்மாவுடன் ஒரு புதன்கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். ரோட்டோரம் மீன் வறுக்கிற அம்மா கடாயைக் கவிழ்த்து வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழமை கை ஒழியாது சார். மத்த நாள்ல ஈ ஓட்டிக்கினு குந்தினு இருக்கேன்."

அந்தப் புதன்கிழமைக்கு ஆள் யார்? பள்ளிப் பிள்ளையா, ஐடி பையனா, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவரா? பெரியம்மாதான். ஜூலையில் வா என்றால் ஜூலையில் வருவார், பரீட்சை முடியட்டும் என்று சொல்லமாட்டார். ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "வயசான காலத்துல ஊர் சுத்தி என்ன ஆகப்போகுது?" கொஞ்சம் நாகரிகமானவர்கள், "பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறது புண்ணியம்" என்கிறார்கள். எனக்கு முதல் பேச்சைவிட இரண்டாவதன்மேல்தான் கோபம். புண்ணியத்தை ஒரு தடவை செய்தால் போதும். வியாபாரத்தைத்தான் தினமும் செய்தாக வேண்டும்.

அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தில் அது தர்மம். ரயில்வேயும் அப்படித்தான் பார்த்தது: ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் என்றிருந்த முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது, நிறுத்தியதுதான். தர்மம் என்றால் கை இறுகும்போது முதலில் வெட்டு விழுவது அதற்குத்தானே!

ஸ்பெயின் 1985இலேயே இதை வேறு விதமாகப் பார்த்தது. கூட்டமில்லாத மாதங்களில் கடற்கரை ஓட்டல்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அந்த மாதங்களுக்கு ஓய்வூதியக்காரர்களைச் சலுகை விலையில் அனுப்பியது அரசு. செலவில் பாதிக்கும் மேல் முதியவர்களே கொடுத்தார்கள். சமையல்காரருக்கும் அறை பெருக்குபவருக்கும் குளிர்காலத்திலும் சம்பளம் கிடைத்தது.

இங்கே காசு எங்கே என்பார்கள். 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்காரரால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் உழைத்துவிட்டு ஆயிரம், இரண்டாயிரம் பி.எப். பென்ஷன் வாங்குபவராலும் முடியாது. அவர்களுக்கு அரசு கைகொடுக்கட்டும். ஆனால் ஆவடி டேங்க் பேக்டரியிலும் ரயில்வேயிலும் ஓய்வு பெற்றவர்கள் இதே மேற்குச் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே! போக இடமும் பக்கத்திலேயே இருக்கிறது: சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், மாங்காடு, பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பி, திருமழிசை ஆழ்வார், நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். நடுவில் ஏரிக்காற்று. ஒரு நாளைக்கு இது போதாதா? சோளிங்கர் மலைக்கோயிலின் 1305 படியைப் பார்த்துக் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்பியவர்கள், 2024இல் ரோப் கார் வந்தபின் மேலே போகிறார்கள். அதை ஓட்டவும், பழுது பார்க்கவும், டிக்கெட் கிழிக்கவும் ஆள் வேண்டும்.

வயதானவரை வெளியே வரவிடாமல் தடுப்பது முட்டி வலி என்று நினைக்கிறோம். பெரியம்மாவைக் கேளுங்கள். கிளம்புகிற அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர். வழியில் ஒதுங்க இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். கைப்பிடி வைத்த ஒரு கழிப்பறை, அதைச் சுத்தமாக வைத்திருக்கச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள். வேலைவாய்ப்பு என்று நான் சொல்வது இங்கிருந்து தொடங்குகிறது.

அன்றைக்குத் திரும்பும் வழியில் ஒரு கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். கழிப்பறை இருந்தது, வெஸ்டர்ன் டாய்லெட் என்று போர்டும் இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி யாரிடம் என்று பூக்காரியைக் கேட்டேன்.

"அந்த ஆளு ஞாயித்துக்கெழமைதாம்மா வருவாரு" என்றாள், என்னைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்து.