மறுபடியும் கடல் மீன் தொட்டியா? சின்ன டேங்க்கில் ஆரம்பிப்பதுதான் பெரிய தப்பு!

கல்லூரி நாட்களில் வீட்டில் கடல் மீன் டேங்க் வைத்திருந்து, வேலை, ஊர் மாற்றம், கல்யாணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் அதை விற்றுவிட்டவர்கள் முப்பது வயதைத் தொடும்போது மறுபடி கொளத்தூர் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். இந்த முறை கையில் சம்பளம் இருக்கிறது, வீட்டில்தான் இடம் இல்லை. அதனால் பலரும் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: “முதல்ல ஒரு 40 லிட்டர் நானோ டேங்க் போடுவோம், செட்டாச்சுன்னா பெருசு பண்ணிக்கலாம்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் மீன் விஷயத்தில் இது தலைகீழ் கணக்கு. சின்னத் தொட்டிதான் கஷ்டம், பெரிய தொட்டிதான் சுலபம்.

காரணம் எளிது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. 40 லிட்டர் டேங்க்கில் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குக் கிளம்பியவர் திங்கட்கிழமை திரும்பும்போது உப்பின் அளவு கிட்டத்தட்ட 38-ஐத் தொட்டிருக்கும். 200 லிட்டர் டேங்க்கில் மேற்பரப்பு அதிகம் என்பதால் அதே மூன்று நாளில் ஒன்பது லிட்டர்கூடப் போகலாம். ஆனாலும் அளவு 36.6-ஐத்தான் தாண்டும். மீனுக்கு இந்த வித்தியாசம் மூச்சு விடும் இடைவெளி. வெப்பம், அம்மோனியா இரண்டுக்கும் இதே கதைதான். தண்ணீர் அதிகமாக இருந்தால் தப்பு மெதுவாக நடக்கும், கவனித்துத் திருத்த நேரம் கிடைக்கும்.

பழைய ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நமக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்ற நம்பிக்கை! பத்து வருஷத்துக்கு முன் தெரிந்த விளக்கும் ஃபில்டரும் இப்போது மாறிவிட்டன. எல்இடி வந்த பிறகு விளக்கே தண்ணீரைச் சூடாக்கும் தொல்லை குறைந்துவிட்டது. மாறாதது சென்னையின் மே மாதம்தான்.

காசு எங்கே போக வேண்டும்?

சில்லருக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கடல் மீன் டேங்க்குக்கு 25, 26 டிகிரி நல்லது. கோடையில் ஏசி இல்லாத சென்னை அறையில் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு, மீனின் தேவையோ அதிகம். மேலே ஒரு ஃபேன் வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஆனால் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் ஆவியாதலே மந்தம், ஃபேனால் பெரிதாகக் குறையாது. சில்லர் விலை கண்ணாடித் தொட்டியின் விலையைத் தாண்டிப் போகலாம். அதைப் பார்த்ததும் பலர் ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று தள்ளிப்போட்டு, விளக்கில் காசைக் கொட்டுகிறார்கள். ஏப்ரலில் மீன் சாக ஆரம்பிக்கும்போதுதான் புரியும். கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கட்டாயம். இதற்குச் செலவு கொஞ்சம்தான்.

தண்ணீர் விஷயத்தில் சமையலறை ஆர்.ஓ. போதும் என்று நினைப்பதும் தப்பு. குடிப்பதற்கான ஆர்.ஓ. ருசிக்காகக் கொஞ்சம் தாதுக்களை விட்டுவைக்கும், சில மெஷின்கள் சேர்க்கவும் செய்யும். தொட்டிக்கு டிடிஎஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மெரினாவில் கேன் பிடித்து வரும் ஐடியா இன்னும் மோசம். கூவமும் அடையாறும் எங்கே போய்க் கலக்கின்றன என்பது சென்னைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எடையையும் பார்த்துவிட வேண்டும். 200 லிட்டர் உப்பு நீரே 205 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். 11 மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருப்பவர், அடுத்த வருஷம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர், இப்போதைக்கு நன்னீர் மீனோடு நிறுத்திக்கொள்வதே சரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பவளம் வேண்டாம், டோரியும் வேண்டாம்

யூடியூபில் வரும் கலர் கலரான ரீஃப் டேங்க்குகள் பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளில் இருப்பவை. இங்கே பாறை கட்டும் கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. அலங்காரத்துக்கு வைக்கும் செத்த பவளத் துண்டும் சட்டச் சிக்கல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதே அந்தப் பவளத்துக்காகத்தான். செராமிக் கல்லே போதும், பாக்டீரியா அதிலும் நன்றாக வளரும்.

‘ஃபைண்டிங் நீமோ’ பார்த்து வளர்ந்த தலைமுறை இது. நீமோ ஓகே. கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் நுட்பம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திடமே இருக்கிறது, ஹேட்சரி மீன் கிடைக்கும். டோரி அப்படியில்லை. அந்த நீல டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். 2016-ல்தான் அதைத் தொட்டியில் முதன்முறையாக வளர்த்தெடுத்தார்கள். இன்றும் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. தென்கிழக்கு ஆசியாவில் அலங்கார மீன்களை சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் ஊரறிந்தது. அப்படிப் பிடித்த மீன் கடையில் துள்ளும், வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணமே தெரியாமல் செத்துப்போகும்.

ஆக, திரும்பி வருபவருக்கு ஏற்ற செட்டப் ரொம்ப எளிமையானது. 200 லிட்டர் டேங்க், செராமிக் கல், ஸ்கிம்மர், சில்லர், ஒரு ஜோடி கிளவுன், கூட ஒரு கோபி. ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான். கல்லும் உப்பு நீரும் போட்ட பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் மீன் இல்லாமல் ஓட விட வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டும்வரை கடைப்பக்கம் போகவே கூடாது. பழைய ஆட்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒன்றரை மாதம் உட்கார மனசு வராது.

மீன் வாங்கப் போகும் நாளில் விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது, “அண்ணா, இது ஹேட்சரி மீனா, கடல்ல புடிச்சதா?” பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கடைக்கு நடக்கலாம். கொளத்தூரில் கடைகளுக்கா பஞ்சம்?