திருச்சி சிறப்பு முகாமுக்கு நாமே பொறுப்பு

திருச்சி மத்திய சிறை வளாகத்துக்குள் ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் கைதிகள் அல்ல என்கிறது அரசு. ஆனால் சுற்றிலும் மதில் இருக்கிறது, வாசலில் போலீஸ் காவல் இருக்கிறது, வெளியே போக அனுமதி மட்டும் இல்லை. அதற்குச் சிறப்பு முகாம் என்று பெயர். அங்கே அடைபட்டவர்களில் பலர் ஈழத்தமிழர்கள். அடைத்திருப்பது தமிழக அரசு. 1990இல் வேலூர்க் கோட்டையின் திப்பு மகாலில் தொடங்கி, பூந்தமல்லி, செங்கல்பட்டு, திருச்சி என்று இடம் மாறி மாறி இது நடந்துவர விட்டவர்கள், தமிழ்நாட்டு மக்களாகிய நாம்.

ஈழத்துக்காக நாம் அழாதவர்கள் அல்ல. 1983 ஜூலைக் கலவரச் செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கடையடைத்தோம். 2008இல் கொட்டும் மழையில் மனிதச் சங்கிலியாக நின்றோம். 2009இல் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்தார். 2013இல் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காக உயிரையே கொடுத்தவர்கள் நம்மில் இருந்தார்கள். கடலைத் தாண்டி நம் கரைக்கே வந்துவிட்டவர்களை மட்டும் போலீஸ் கையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலை நம்மை உலுக்கியது. அந்தத் துயரமும் கோபமும் நியாயமானவை. ஆனால் குற்றவாளிகளைத் தண்டிப்பதோடு நாம் நிற்கவில்லை. உயிர் பிழைக்க ஓடிவந்த லட்சக்கணக்கானோர் தலையில் அந்தச் சந்தேகத்தை ஏற்றினோம். சிலோன்காரர் என்றால் வாடகைக்கு வீடு இல்லை என்றோம். முகாம் மக்களுக்காகப் பேசினால் நம் மேலும் கண் விழும் என்று பயந்தோம். அந்தப் பயமே நாளடைவில் பழக்கமாகிவிட்டது.

சிறப்பு முகாம் இயங்கும் விதத்தை நாம் ஒருமுறை ஊன்றிக் கவனித்திருந்தாலும் தூக்கம் கெட்டிருக்கும். ஒருவர் மேல் வழக்கு வருகிறது. நீதிமன்றம் ஜாமீன் தருகிறது, அல்லது தண்டனைக் காலமே முடிந்துவிடுகிறது. சிறை வாசலைத் தாண்டியதும் போலீஸ் வேன் நிற்கிறது. 2025 வரை, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின் மூன்றாவது பிரிவின் கீழ் ஓர் ஆணை. அதற்கு விசாரணை தேவையில்லை, தீர்ப்பு தேவையில்லை. முடிகிற தேதியும் அதில் கிடையாது. தண்டனைக் கைதிக்காவது நாட்களை எண்ணிக் கழிக்க முடியும். இவர்களுக்கு எண்ணுவதற்கு எதுவும் இல்லை. 2021இலும் 2022இலும் இவர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் தற்கொலைக்கு முயன்றார்கள். பத்திரிகைகளில் அது ஒரு பத்திச் செய்தியாக வந்தது. நாம் பக்கத்தைப் புரட்டினோம்.

ராஜீவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் ஆறு பேரை விடுவித்தபோது பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. விடுவிக்கப்பட்டவர்களில் நான்கு பேர் இலங்கைக் குடிமக்கள்; சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சாந்தன், தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்புங்கள் என்று மன்றாடினார். பயண அனுமதி வந்த சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரைப் பிணமாகத்தான் நம்மால் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

மதிலுக்கு வெளியே இருக்கிற அகதி முகாம்களிலும் நாம் கௌரவமாக நடந்துகொள்ளவில்லை. 2021இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 58,822 பேர் முகாம்களில் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டு புதிய வீடுகளும் கூடுதல் பணக்கொடையும் அறிவிக்கப்பட்டன. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்லதே. ஆனால் அதற்கு முன் பத்தடிக்குப் பத்தடி அறையில், தார்ச்சீட்டுக் கூரையின் கீழ் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கல்யாணமும் செய்துகொண்டுவிட்டது. பதிவு நாளன்று வருவாய் ஆய்வாளர் முன்னால் குடும்பம் முழுக்க வந்து நிற்க வேண்டும். 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில் ஒரு தகப்பன், மகன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், வருகை போடுங்கள் என்று கேட்டார். போட மறுத்தார்கள். வாய்த்தகராறு முற்றியது. அவர் உயரழுத்த மின்கம்பத்தில் ஏறி, ஊர் பார்த்திருக்க உயிரை விட்டார். இருந்த இடத்தில் இருக்கிறோம் என்று நிரூபிப்பதற்கு ஒரு மனிதன் இவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்த ஏற்பாட்டை நாம்தான் சகித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கிறது என்று சொல்வது நமக்கு வசதியாக இருந்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று நாட்டில் தனிச் சட்டமும் இல்லை, 2019 குடியுரிமைத் திருத்தத்தில் ஈழத்தமிழருக்கு இடம் தரப்படவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் சிறப்பு முகாமில் ஒருவரை அடைக்கும் ஆணை டெல்லியில் எழுதப்படுவதில்லை. சென்னைக் கோட்டையில்தான் கையெழுத்தாகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் பேனா நின்றதில்லை. எந்தத் தேர்தலிலும் அது நமக்கு ஒரு கேள்வியாக இருந்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் பிலோயலா என்று ஒரு சிற்றூர். சில ஆயிரம் பேர்தான் மொத்தம். அங்கே இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் ஈழத்தமிழரையும் அவர் மனைவியையும் இரண்டு சின்னப் பெண்களையும் 2018 மார்ச்சில் விடிகாலையில் அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். கிறிஸ்துமஸ் தீவு வரை கொண்டுபோய் அடைத்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், நாடாளுமன்றம் வரை போனார்கள், நான்கு ஆண்டு ஓயாமல் கேட்டார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அவர்களுக்கு அந்தத் தமிழ்க் குடும்பத்தோடு மொழி உறவில்லை, இன உறவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஒரே உரிமை போதுமாக இருந்தது. தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் முழங்கிய நாம், திருச்சிச் சிறை வாசலில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை.

2025 செப்டம்பரில் அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய், புதிய சட்டம் வந்திருக்கிறது. ஒருவர் எங்கே தங்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அதிலும் இருக்கிறது. ஆகவே இது தானாக முடியாது. நாம் முடித்து வைத்தால்தான் உண்டு. வழக்கு இருந்தால் நீதிமன்றம் விசாரிக்கட்டும். ஜாமீன் கிடைத்தவர் தன் குடும்பத்தோடு இருக்கட்டும். ஊர் திரும்ப விரும்புகிறவரை மாதக்கணக்கில் காக்கவைக்காமல் அரசு அனுப்பட்டும். அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சிறப்பு முகாமை எப்போது மூடுவீர்கள்? தேதி சொல்லும்வரை விடாதீர்கள்.