இன்னாரென்று நிரூபித்தவர்கள்

நம் வீடுகளில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களின் பின்பக்கத்தில், சார்பதிவாளர் அலுவலக முத்திரைக்கு அருகே, ‘இன்னாரென்று நிரூபித்தவர்கள்’ என்று ஒரு வரி இருக்கும். அதன்கீழ் இரண்டு பேர். தகப்பனார் பெயர், ஊர், கையெழுத்து. பெரும்பாலும் பக்கத்து வயல்காரரோ தெருக்காரரோதான். எழுதிக் கொடுப்பவரைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர்கள். அந்த இரண்டு கையெழுத்துகள்தான் அன்றைய அடையாள அட்டை.

புனேயில் பதிவாகும் பத்திரங்களிலும் இதே இடம் உண்டு. எழுதிக் கொடுப்பவரைத் தங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்று கீழே கண்டவர்கள் கூறி அடையாளம் காட்டுகிறார்கள் என்ற பொருளில் ஒரு மராத்தி வாக்கியம். அதன்பின் இருவரின் புகைப்படம், பெருவிரல் ரேகை, கையெழுத்து. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் இங்கே மறுவிற்பனை ஃபிளாட் வாங்கியபோது நானும் அப்படி ஒரு கையெழுத்துப் போட்டேன். விற்பவரை அன்று காலையில்தான், அலுவலக மாடிப்படியில், முதன்முதலாகப் பார்த்தேன். இன்னொரு சாட்சி தரகரோடு வந்த இளைஞர். அன்று அவருக்கு அது மூன்றாவது பத்திரம். விற்றவர் உண்மையான உரிமையாளராகவே இருந்தார், நண்பரும் நிம்மதியாகக் குடியிருக்கிறார். ஆனாலும் தெரியாத ஒருவரைத் ‘தெரியும்’ என்று அரசாங்கத் தாளில் எழுதிக் கொடுத்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

வீட்டு உரிமை மோசடியில் மிக எளிதானது ஆள்மாறாட்டம்தான். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது முதுமையில் பிள்ளை வீட்டோடு போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். அவர் பெயரில் ஒருவர் வந்து உட்காருவார். அல்லது அவர் கொடுத்ததாகச் சொல்லி ஒரு பவர் பத்திரம் வரும். புனே தமிழர்களுக்கு இதில் இரட்டைக் கவலை. ஹிஞ்சவடி, வாக்கட், கராடி பக்கம் மறுவிற்பனை ஃபிளாட் தேடும்போது நாம் வாங்குபவர்கள். அதே நேரத்தில் தாம்பரத்திலோ திருச்சியிலோ முள்வேலி போட்டுவிட்டு வந்த மனைக்கு நாமே ஊரில் இல்லாத உரிமையாளர்கள். ஏமாற்றுகிறவனின் இரண்டு இலக்குகளும் நம் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன.

பதிவு அலுவலகம் எதற்கு இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பது நியாயமானது. புனேயில் 80 லட்ச ரூபாய்க்கு ஓர் ஆண் வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதாவது 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். பதிவுக் கட்டணம் 30 ஆயிரம். இவ்வளவையும் வாங்கிக்கொண்ட அரசு, விற்பவரின் உரிமையைச் சரிபார்த்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, எதிரே நிற்பவர் யார் என்பதில் சார்பதிவாளர் திருப்தி அடைய வேண்டும். சொத்து அவருடையதுதானா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதிசெய்தது. மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழக விதி 55ஏ அப்போது ரத்தானது. மோசடிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022இல் தமிழகம் கொண்டுவந்த 77ஏ பிரிவையும், உச்ச நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

இந்தத் தீர்ப்புகள் பலருக்கு ஏமாற்றம் தந்தன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அக்கறையையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். உரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு மேசைக்குப் போனால், வெள்ளத்தில் பத்திரத்தைத் தொலைத்த ஏழை அந்த மேசையின் முன்தான் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். சாட்சிகளை விசாரித்து உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை என்ற கோட்டைச் சுலபமாக அழித்துவிடக் கூடாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் பதிவு செய்ய முடியாது. 2025 நவம்பரில் புனே முண்ட்வா பகுதியின் 40 ஏக்கர் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. அரசுக்குச் சொந்தமான நிலம், பவர் பத்திரத்தை வைத்து 300 கோடி ரூபாய்க்குத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டதாகவும், முத்திரைத் தீர்வையாக வெறும் 500 ரூபாய் செலுத்தப்பட்டதாகவும் வெளிவந்த செய்தி அது. சார்பதிவாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார், வழக்குப் பதிவானது, பேரம் ரத்தாகும் என்று அறிவிக்கப்பட்டது. யார் குற்றவாளி என்பதைச் சட்டம் சொல்லட்டும். மாநிலப் பதிவுத்துறையின் தலைமையகம் இருக்கும் இதே நகரத்தில், அவ்வளவு பெரிய நிலத்துக்கே விற்பவரின் உரிமையை உரிய நேரத்தில் எவரும் நிறுத்திக் கேட்கவில்லை என்றால், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டின் கதி என்ன என்பதுதான் நம் கவலை.

அதே வாரத்தில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், நிலப் பதிவேடுகளைப் பிளாக்செயின் போன்ற தொழில்நுட்பத்தோடு இணைப்பது பற்றிச் சட்ட ஆணையம் ஆராய வேண்டும் என்றது. நல்ல யோசனை. ஆனால் இயந்திரம் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தில் 2021இல் நடந்ததே சான்று. பதிவான உரிமைக்கு அரசே உத்தரவாதம் தரும் நாடு அது. அங்கே லூட்டன் நகரப் பாதிரியார் ஒருவர் வேலை நிமித்தம் வேல்ஸில் இருந்தபோது, அவர் பெயரில் ஓட்டுநர் உரிமம் எடுத்த ஒருவர் அவர் வீட்டை விற்றுவிட்டார். அதைக் கண்டுபிடித்தது கணினி அல்ல. ‘உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது, யாரோ இருக்கிறார்கள்’ என்று அக்கம்பக்கத்தார் போன் செய்தார்கள்.

அக்கம்பக்கத்தாரின் அந்தக் கண் இங்கே இருப்பது ஹவுசிங் சொசைட்டியில். பங்குச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள், அந்த வீட்டுக்காரரின் முகம் எது என்பது செயலாளருக்குத் தெரியும். வாங்க வருபவரிடம் அவர் பத்து நிமிடம் பேசினாலே பாதிச் சந்தேகம் தீரும். அதைக் காரணம் காட்டி விற்பவரை இழுத்தடிக்கும் சொசைட்டிகளும் உண்டு என்பது விற்பவர்களின் நியாயமான புகார். உறுதிப்படுத்துவதற்கு ஒரு கடிதமும் ஒரு வாரமும் போதும். அதற்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வது நிர்வாகக் குழுவின் பொறுப்பு.

வாங்குபவருக்கும் வழிகள் இருக்கின்றன. பதிவுத்துறைத் தளத்தில் பத்திரத்தின் சுருக்கமான இண்டெக்ஸ்-2ஐத் தேடலாம். மனையென்றால் சாத்-பாரா எனும் நிலப் பதிவேடு அல்லது பிராப்பர்ட்டி கார்டு, தமிழ்நாட்டில் என்றால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்கலாம். விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சத்தை எட்டினால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இதை வரிச் சுமையாக மட்டும் பார்க்காமல், பத்திரத்திலுள்ள பெயரும் பான் அட்டைப் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கும் வாய்ப்பாகவும் கொள்ளலாம். பணம் உரிமையாளர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகட்டும். பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவரிடமே வீடியோ அழைப்பில் பேசிவிடுவது நல்லது. அவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நேர்மையாக விற்பவருக்கு இதெல்லாம் அவமதிப்பாகத் தோன்றலாம். முப்பது வருடம் வாழ்ந்த வீட்டை விற்க வந்த பெரியவரிடம், நீங்கள்தான் அவரா என்று கேட்டால் வலிக்கத்தான் செய்யும். தேய்ந்த விரல் ரேகை இயந்திரத்தில் விழாமல் அவர் தவிப்பதையும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் கேள்வி ஆளைப் பார்த்து மாறாமல், எல்லோருக்கும் ஒரே வழக்கமாக இருக்க வேண்டும். சோதனைக்காகக் கொடுக்கும் ஆதார் நகலில் எண்ணை மறைத்துக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதல்ல. இங்கிலாந்துப் பதிவுத்துறை, ஒரு சொத்தின் பதிவேட்டில் அசைவு ஏற்பட்டால், அதற்கென முன்பதிவு செய்துகொண்ட உரிமையாளருக்குக் கட்டணமில்லாமல் மின்னஞ்சல் அனுப்புகிறது. நம் ஊர்களில் பத்திரம் தாக்கலாகும்போதே, பதிவேட்டிலுள்ள பழைய உரிமையாளரின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி தவறாமல் போனால் போதும். எவருடைய அதிகாரமும் இதனால் கூடாது, குறையாது. நம் பங்குக்கு நாமும் கைபேசி எண்ணைப் புதுப்பித்து வைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது மனையைப் பார்த்து, பக்கத்து வீட்டில் நம் எண்ணைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

பதிவில் ஆள்மாறாட்டத்துக்கு 7 ஆண்டு வரை சிறை. தெரிந்தே துணைபோனவருக்கும் அதே தண்டனைதான். தெரியாமல் கையெழுத்துப் போடும் நம்மைப் போன்றவர்களைச் சட்டம் விட்டுவிடலாம். ஏமாந்த குடும்பம் விடாது. ஆகவே, யாராவது ‘ஒரு சாட்சிக் கையெழுத்துதான், பத்து நிமிட வேலை’ என்று அழைத்தால், விற்பவரை முதல் நாளே அவர் வீட்டில் போய்ப் பார்த்துப் பேசுங்கள். அவரை உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவரை அழைத்து வரச் சொல்லுங்கள்.