நம்ம ஊருக்கு ஒரு முத்திரை வேண்டும்

சின்னத்தின் அருமையைத் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் இரட்டை இலை முதன்முதலில் வெற்றிச் சின்னம் ஆனது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாயத்தேவர் ஜெயித்தார். அன்றைக்கு இந்த ஊர்ச் சுவரில் ஏறிய இலை பிறகு தமிழ்நாடு முழுக்கப் படர்ந்தது.

அப்பேர்ப்பட்ட ஊரில் இன்று பத்துப் பேரை நிறுத்தி, "நம்ம மாநகராட்சி முத்திரையில் என்ன படம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கட்சிச் சின்னம் என்றால் மூச்சு விடாமல் சொல்வார்கள். இதற்குத் தலையைச் சொறிவார்கள். 1866இல் நகராட்சியாகி, 2014இல் மாநகராட்சியான ஊர் இது. வரி கட்டுகிறோம், தண்ணீர் பிடிக்கிறோம், குப்பை போடுகிறோம். அதையெல்லாம் நடத்துகிற அமைப்பின் அடையாளம் நம் மனதில் பதியவே இல்லை.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பேகம்பூர்த் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு நன்னிமா இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், வீட்டுக்கு வரும் காகிதங்களை என்னிடம்தான் கொண்டு வருவார். ஆனால் வரும்போதே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பார். "இது கோபுரம் போட்டது தம்பி, பத்திரமா வைக்கணும். இது என்னான்னு பாருங்க" என்பார். போன வருடம் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்து, குடிநீர் இணைப்புக்குப் பெயர் பதியவேண்டும் என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிப் போய்விட்டான். "அட்டையில கோபுரம் இல்லையேன்னு அப்பவே தோணுச்சு தம்பி. மாநகராட்சிக்கு வேற படமோன்னு விட்டுட்டேன்" என்றார். படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம்தான் எழுத்து. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளருக்குச் சின்னம் கொடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தானே!

அந்தக் கோபுரத்தின் கதையையும் பாருங்கள். 1949இல் சென்னை மாகாண அரசுக்கு அந்தச் சின்னத்தை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா, மதுரை மேலக்கோபுரமா என்று இன்றும் இரண்டு ஊர்க்காரர்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரமா என்ற கேள்வி அப்போதே வந்தது. அது நம் கட்டடக்கலையின் அடையாளம் என்று பதில் சொன்னார்கள். பிறகு காங்கிரஸ் போய் தி.மு.க. வந்தது, அ.தி.மு.க. வந்தது. 1969இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. 'சத்யமேவ ஜயதே' இருந்த இடத்தில் 'வாய்மையே வெல்லும்' வந்தது. கோபுரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதனால்தான் பள்ளிவாசல் பாங்கு கேட்டு எழுகிற நன்னிமாவுக்கும் அது கோயிலாகத் தெரியவில்லை, சர்க்காராகத் தெரிகிறது.

மாறாமல் இருப்பதுதான் சின்னத்தின் பலம். நாம் அதைத்தான் மற்ற இடங்களில் கோட்டை விடுகிறோம். ஆட்சி மாறினால் பஸ்ஸுக்கு வர்ணம் மாறுகிறது. 2013இல் சென்னையில் சிற்றுந்து விட்டபோது, அதில் வரைந்திருப்பது வெறும் இலையா, இரட்டை இலையா என்று வழக்கே நடந்தது. ஆள் பெயரை வைத்தால் அதிலும் வம்பு. நம் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் ஓடியது நினைவிருக்கும். தென் மாவட்டத்தில் ஒரு கழகத்துக்கு வைத்த பெயரால் கலவரம் மூண்டதும், 1997இல் எல்லாக் கழகங்களின் பெயரையும் அழித்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் இதை எளிதாகச் செய்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு மூன்று பெருக்கல் குறிதான் சின்னம். கொடியிலும் அதுதான், தெருவோரம் நட்ட இரும்புத் தூணிலும் அதுதான். டோக்கியோ மாநகர அரசு 1989இல் ஒரு பச்சைச் சின்னத்தை ஏற்றுக்கொண்டது. பார்த்தால் ஜிங்கோ மர இலை மாதிரி இருக்கும். அங்கேயும் இலைதான், ஆனால் எந்தக் கட்சி இலை என்று யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை!

நமக்கு வெளியே தேடவும் வேண்டாம். ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது. அந்த மலைக்கோட்டை நாயக்கர், ஹைதர் அலி, திப்பு, வெள்ளைக்காரன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. எந்த மதத்துக்காரர் வீட்டு மாடியில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அதன் கீழே ஒரு பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பூட்டு. ஒரு பாறை, ஒரு பூட்டு, அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பார்க்காமல் வரையும்படி இருக்கவேண்டும். தலைவர் படம் கூடாது, கட்சி வர்ணம் கூடாது. ரசீது, தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி, ஊழியர் அட்டை எல்லாவற்றிலும் அந்த ஒன்றுதான் இருக்கவேண்டும்.

"சாக்கடை அள்ளவே காசில்லை, இதில் முத்திரை ஒரு கேடா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரசீதுப் புத்தகமும் அட்டையும் எப்படியும் அச்சடிக்கத்தான் போகிறார்கள். அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றினால் தனிச் செலவு பெரிதாக வராது. கொடியும் நான் கேட்கவில்லை. 1970இல் மாநிலத்துக்குத் தனிக்கொடி என்று கலைஞர் சொன்னபோது கிளம்பிய சர்ச்சை என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால் தெருவிளக்கு, தண்ணீர் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். வாசலில் வந்து நிற்பவன் யார் என்று நன்னிமா யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள வேண்டும்.