மூன்று காதலிகளும் ஒரு அட்டவணையும்

“போயிங் போயிங்” என்று 1965ல் ஹாலிவுட்டார் எடுத்த சிரிப்புப் படம் ஒன்று உண்டு. மார்க் கமோலெட்டி என்னும் பிரெஞ்சுக்காரர் 1960ல் எழுதிய நாடகத்தின் கதை அது. பாரிசில் வசிக்கும் அமெரிக்கப் பத்திரிகைக்காரக் கனவான் ஒருவர் (வேஷம் டோனி கர்ட்டிஸ்) மூன்று விமானப் பணிப்பெண்களுக்கு, ஒருத்தி அறியாமல் மற்றொருத்திக்கு, விவாக வாக்குக் கொடுத்து ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார். ஒருத்தி ஜெர்மன், ஒருத்தி பிரெஞ்சு, ஒருத்தி இங்கிலீஷ். நம்மவர் ராகுகாலம் பார்க்கப் பஞ்சாங்கம் புரட்டுவதுபோல் அவர் விமான நேர அட்டவணையைப் புரட்டுகிறார். ஒருத்தி வந்து இறங்குமுன் மற்றவள் பறந்துவிட வேண்டும். வருகிறவளுக்கேற்பச் சமையலை மாற்றுவது வேலைக்கார அம்மாளின் பாடு. (படத்தில் நமக்குப் பிடித்தவர் அந்த அம்மாள்தான்.) கடைசியில் வேகமான புது விமானங்கள் வந்து அட்டவணை குலைகிறது, மூவரும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். விஞ்ஞானம் கனவானின் குட்டை உடைத்துவிட்டது!

இது ஆபாசமென்று கூச்சலிடும் வைதீகர் கூட்டத்தில் நாம் இல்லை. மனமொத்த ஆணும் பெண்ணும் காதல் செய்வதில் ஆபாசம் என்ன? நாமும் சிரித்தோம். ஆனால் ஒரு பணிப்பெண் மூன்று விமானிகளுக்கு இப்படி வாக்குக் கொடுத்து அட்டவணை வைத்திருந்தால், அதற்கும் இப்படியே சிரித்திருப்பார்களா? அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

இது நிற்க. படம் வந்த காலத்தில் அமெரிக்க விமானக் கம்பெனிகள் பலவற்றில், பணிப்பெண் விவாகம் செய்துகொண்டால் வேலை போய்விடும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1953 கடைசி முதல் சேர்ந்தவர்களுக்கு 32 வயதோடு சீட்டுக் கிழித்தது. விமானிக்கோ மனைவியும் உண்டு, மக்களும் உண்டு, உத்தியோகமும் உண்டு. ஆகவே அங்கே ஒரு பணிப்பெண்ணுக்குக் கனவான் தம் வாக்கைக் காப்பாற்றினாலும் பிழைப்பு போவது அவளுக்குத்தான். பெண்கள் புகார் மேல் புகார் கொடுத்துப் போராடிய பிறகே, 1968ல் அந்நாட்டுச் சம வேலைவாய்ப்புக் கமிஷன் இவ்விதிகளுக்கு எதிராகத் தீர்மானித்தது.

வெள்ளைக்காரன் சங்கதிதானே என்று நம்மவர் மார்தட்ட வேண்டாம். நம் ஏர் இந்தியாவும், வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் மணம் செய்தால் வீட்டுக்கு, முதல் கர்ப்பம் தரித்தால் வீட்டுக்கு, இரண்டுமில்லாவிட்டாலும் 35 வயதில் வீட்டுக்கு என்று விதி வைத்திருந்தது. அதே விமானத்தில் வேலை செய்த ஆணுக்கு 58 வயது! நர்கேஷ் மீர்சா முதலான பெண்கள் வழக்காட, 1981ல் சுப்ரீம் கோர்ட்டார் கர்ப்ப விதியைத் தள்ளினார்கள். நான்கு வருஷ விவாகத் தடையோ, பெண்ணின் தேக நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லதென்று அவர்கள் கையாலேயே நிலைநிறுத்தப்பட்டது. ஆணின் தேக நலத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.