எமியூலேட்டர் ஓடலைன்னா கோடிங் வராதா?

அப் செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இடையில் விட்டுவிட்ட தம்பி, தங்கச்சிமாரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். யட்டியாந்தோட்டைப் பக்கம் கேட்டாலும் இறக்குவானைப் பக்கம் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "எமியூலேட்டர் ஓடல அண்ணே." ஜாவா விளங்கல, கொட்லின் கஷ்டம் என்று சொல்கிறவர்கள் குறைவு. அவ்வளவு தூரத்துக்கு அவர்கள் வந்து சேரவே இல்லையே! ஒரு வரி கோட் எழுதுவதற்கு முன்னாடியே கதை முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கிற முடிவுதான் எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. "எனக்கெல்லாம் கோடிங் சரிவராது" என்று சொல்லிவிட்டு, கொழும்பில் ஏதாவது கடையில் வேலை இருக்கா என்று பார்க்கப் போய்விடுகிறார்கள்.

நான் சொல்ல வருவதை இப்பவே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் இருந்து அப் படிக்கிற ஒருவர் முதல் ஒரு வருஷத்துக்கு எமியூலேட்டரைத் தொடவே தேவையில்லை. கையில் இருக்கிற போன் போதும். வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாள் பாடத்தை மாற்ற வேண்டும்.

எமியூலேட்டர் என்றால் கணினிக்குள்ளே ஓடுகிற இன்னொரு போன். பாட்டுக் கேட்கிற மென்பொருள் மாதிரிச் சின்ன விஷயம் இல்லை. விண்டோஸுக்கு உள்ளே முழு அன்ட்ரொயிட் இயங்குதளம் ஒன்று தனியாக ஓடுகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் வெளியிட்ட கெமு என்ற மென்பொருள்தான் அதற்கு அடித்தளம். அருமையான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 ஜீபி ரேம் உள்ள லெப்டொப்பில் விண்டோஸ் 10 ஏறக்குறைய பாதியைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். கோடை அப்பாக மாற்றித் தருகிற கிரேடில், புதிய புரொஜெக்டில் 2 ஜீபி வரை எடுக்கலாம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. இதற்கு மேலே அன்ட்ரொயிட் ஸ்டூடியோ, அதற்கும் மேலே அந்தப் பொய்ப் போனுக்கு ஒரு 2 ஜீபி. எங்கே இருந்து வரும்? ஸ்டூடியோவுக்கு மட்டும் 8 ஜீபி, எமியூலேட்டரும் சேர்ந்தால் 16 ஜீபி வேண்டும் என்று கூகுளே தன் பக்கத்தில் போட்டிருக்கு. அதைப் படித்துக் காட்டாமல்தான் நம்ம வகுப்புகளில் "எல்லாரும் இன்ஸ்டோல் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்புகிறார்கள்.

கொழும்பில் ஏதோ ஒரு ஒஃபிஸ் பாவித்துக் கழித்த லெப்டொப்தான் நம்ம பக்கம் அதிகமாக வருகிறது. அதில் வேர்ச்சுவலைசேஷன் பயோஸிலேயே அணைத்து வைத்திருந்தால், ரேம் எவ்வளவு இருந்தாலும் எமியூலேட்டர் கிளம்பாது. திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வரும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை அதைப் பார்த்து, தான்தான் எதையோ பிழையாகச் செய்துவிட்டேன் என்று நினைக்கும்.

அடுத்தது டேட்டா. நம்ம லயத்தில் ஒரு வினோதம் இருக்கு. யூடியூப், வட்ஸ்அப், பேஸ்புக்குக்கு என்று தனியாகப் போடுகிற சோஷியல் மீடியா பெக்கேஜ்தான் பெரும்பாலான போன்களில் ஓடுகிறது. ஆக, அன்ட்ரொயிட் ஸ்டூடியோவை எப்படி இன்ஸ்டோல் பண்ணுவது என்கிற ஒரு மணித்தியால வீடியோவை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மென்பொருளை இறக்க மட்டும் முடியாது. அது அந்தப் பெக்கேஜில் சேராது. ஸ்டூடியோ ஒரு ஜீபிக்கு மேலே, எமியூலேட்டருக்கான இமேஜ் இன்னொரு ஜீபிக்கு மேலே, முதல் தடவை பில்ட் பண்ணும்போது கிரேடில் இறக்குவது சில நூறு எம்பி. இரவு 12 மணிக்குப் பிறகு வருகிற நைட் டேட்டாவை நம்பி முழித்திருந்து, மழைக்கு சிக்னல் போய், 90 வீதத்தில் நின்று போனால் அடுத்த நாள் இரவு மறுபடியும் முதலிலிருந்து.

தமிழில் இருக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எடுத்தவை. 2016இல் ஜியோ வந்த பிறகு அங்கே டேட்டா என்பது கவலைப்பட வேண்டிய பொருளே இல்லை என்று ஆகிவிட்டது. "டவுன்லோட் ஆகட்டும், ஒரு காபி குடிச்சுட்டு வாங்க" என்று அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதில் குற்றமில்லை. அதையே நம்ம வகுப்பிலும் திருப்பிச் சொல்வதுதான் குற்றம்.

இப்போது போனுக்கு வருவோம். செட்டிங்ஸில் 'எபவுட் போன்' என்ற இடத்துக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை ஓன் பண்ணி, கேபிளில் கணினியோடு இணைத்து, போனில் வருகிற கேள்விக்கு சரி என்று சொன்னால் வேலை முடிந்தது. ஸ்டூடியோவில் ரன் அழுத்தினால் அப் நேரே போனில் திறக்கும். சிக்கல் வருகிற இடங்களையும் சொல்கிறேன், இவற்றை யாரும் சொல்வதில்லை. சந்தியில் வாங்குகிற மலிவுக் கேபிள் சில சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது. அரை நாளைத் தின்பது அதுதான். ரெட்மி போன் என்றால் சிம் போட்டு, ஷாவ்மி கணக்கில் லொகின் பண்ணி, 'இன்ஸ்டோல் வயா யூஎஸ்பி' என்பதையும் தனியாக ஓன் பண்ண வேண்டும். டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில பேங்க் அப்கள் திறக்காது, வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். விண்டோஸில் யூசர் நேமைத் தமிழில் வைத்திருந்தால், புரொஜெக்டை ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். தமிழ்ப்பற்று கிரேடிலிடம் செல்லாது.

எமியூலேட்டர் இல்லாவிட்டாலும் 4 ஜீபியில் ஸ்டூடியோ ஊர்ந்துதான் போகும், அதை மறைக்க மாட்டேன். அப்படிப்பட்ட லெப்டொப்புக்கு கமாண்ட் லைன் டூல்ஸை மட்டும் தனியாக இறக்கி, கோடை விஎஸ் கோடில் எழுதலாம். டேட்டாவும் பாதிக்குக் கீழே போய்விடும். இன்னும் சின்னதாகத் தொடங்க நினைத்தால் எம்ஐடி அப் இன்வென்டர் இருக்கு. பிரௌசரிலேயே செய்து, போனில் ஒரு துணை அப்பைப் போட்டுப் பார்க்கலாம். "அது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று ஒரு கூட்டம் சொல்லும். சொல்லட்டும்.

கம்பனியில் வேலைக்குப் போனால் எமியூலேட்டர் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எமியூலேட்டரை இயக்குவது என்பது ஒரு பட்டனை அழுத்துவது. 16 ஜீபி மெஷினில் உட்கார்ந்தால் ஒரு மத்தியானத்தில் பழகிவிடலாம். அப் எழுதப் பழகுவதற்குத்தான் வருஷம் வேண்டும். மத்தியானத்தில் பழகுகிற விஷயத்தை வாசலில் பூட்டாகப் போட்டுவிட்டு, வருஷக்கணக்கில் பழக வேண்டியதைப் பிள்ளைக்குக் காட்டாமலே அனுப்புகிறோம்.

யாருக்காக அப் செய்கிறோம் என்பதும் இருக்கு. பயிற்சிப் பாடங்களில் எல்லாரும் செய்வது டு-டு லிஸ்ட். நம்ம வீட்டில் அதைவிட நல்ல புரொஜெக்ட் கிடக்கு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350 ஆனது. ஆனால் கிலோ குறைந்தால் அரைப் பேர். மாதக் கடைசியில் வருகிற துண்டைப் பார்த்து "அன்னிக்கு நான் முழுப் பேர்தானே?" என்று அம்மா கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்று பதிந்து, மாதக் கடைசியில் துண்டோடு ஒப்பிடுகிற அப் ஒன்றை ஆறு மாதம் படித்த பிள்ளை செய்யலாம். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டம் என்றால் கொழுந்துக்குப் பதிலாகப் பால் கிலோ, கணக்கு அதே மாதிரிதான்.

அந்த அப்பை அம்மா திறக்கப் போவது கீறல் விழுந்த, 2 ஜீபி ரேம் உள்ள, படங்கள் நிறைந்து இடமில்லாத போனில். மலையில் சிக்னல் இருக்காது. வெயிலில் திரை தெரியாது. எமியூலேட்டரிலும் நெட்வேர்க்கைக் குறைத்துப் பார்க்க வசதி உண்டு, ஆனால் படிக்கிற காலத்தில் அதை யாரும் தொடுவதில்லை. உண்மையான போனில் செய்கிறவருக்கு இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், இன்டர்நெட் இல்லாமலும் சேமிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நம்ம லெப்டொப் ஏழ்மைக்கும் ஒரு வழி சொல்கிறேன். வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரே ஒரு டெஸ்க்டொப். பழையதே போதும், ரேமை 16 ஜீபியாக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டால் சரி. ஸ்டூடியோவை அதில் ஒரு தடவை இறக்கிவிட்டால் பிறகு பிள்ளைகள் போனையும் கேபிளையும் மட்டும் கொண்டு வரலாம். எழுதிய கோட் சில எம்பிதான், பென் டிரைவில் வீட்டுக்குப் போகும். ஸ்டூடியோவை ஹார்ட் டிஸ்கில் போட்டு எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அன்ட்ரொயிட் எஸ்டிகே உரிம ஒப்பந்தத்தில் நகலெடுத்து விநியோகிக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கு. நம்மைப் போன்ற இடங்களுக்காவது கூகுள் அந்த வரியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து. அதுவரைக்கும் பொது மெஷின்தான் சுத்தமான வழி.

வெளிநாட்டில் இருந்து உதவி செய்கிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. பத்துப் பழைய 4 ஜீபி லெப்டொப் அனுப்புவதற்குப் பதிலாக, இப்படி ஒரு மெஷினும் அதற்கு மாதாமாதம் டேட்டாவும் பத்து நல்ல கேபிளும் வாங்கித் தாருங்கள். படம் எடுத்துப் போடுவதற்குப் பத்து லெப்டொப் அழகாகத்தான் இருக்கும், எனக்கும் தெரியும்.

எமியூலேட்டரை நான் வெறுக்கவில்லை. டெப்லெட்டில் அப் எப்படித் தெரியும், நம்மில் யாரிடமும் இல்லாத புதிய அன்ட்ரொயிட்டில் ஓடுமா என்று பார்க்க அது வேண்டும். அந்தப் பொது மெஷினில் ஒரே ஒரு இமேஜை இறக்கி வையுங்கள். கேட்கிற அன்றைக்கு ஓன் பண்ணிக்கொள்ளலாம்.